நீராகாரம் கணக்கில் வராது

தம்பி,

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதியை நீ ஏற்கெனவே கேட்டிருப்பாய். மீதியை ஊர் தன் கைச்சரக்கைப் போட்டு நிரப்பியிருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் நான் கழித்த சிறுநீர் மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்து, அந்தக் கேனை நகைக்கடைக் கட்டைப்பையில் இறக்கி, மேலே ஒரு பட்டுப்புடவையை மடித்து மூடி, காரைக்காலில் பேருந்து ஏறித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரித் தலையில் பூ வேறு. எல்லை தாண்டியதும் சோதனைக்காரர்கள் பேருந்தை நிறுத்தி ஏறினார்கள். நம் பக்கம் சரக்கு விலை குறைவு, அந்தப் பக்கம் கூடுதல். காரைக்காலிலிருந்து வருகிற கட்டைப்பை எதுவானாலும் அவர்களுக்குச் சந்தேகம்தான். ஒரு காவலர் புடவையை விலக்கி, கேனைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே தெரிந்த நிறமும் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

“என்னம்மா இது?”

“டெஸ்டுக்குங்க.”

“என்ன டெஸ்டு?”

நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் தாழ்த்தவில்லை. “மூத்திரமா? போன வாரம் ஒருத்தர் தேனுன்னு சொன்னாரு,” என்றபடி மூடியைத் திருகி மோந்தும் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எனக்குக் காட்டிய மரியாதையை, நான் குப்பை கொட்டுகிற அரசு அலுவலகத்தில் இத்தனை வருடத்தில் ஒருவரும் காட்டியதில்லை. மூடியை அவரே இறுக்கினார், புடவையை அவரே மடித்து வைத்தார், “பாத்துப் போயிட்டு வாங்கம்மா” என்று இறங்கிப் போனார். பேருந்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அந்தச் சோதனையைக் காரைக்காலிலேயே செய்திருக்கலாம். அங்கே பரிசோதனைக் கூடத்தில் இருக்கிற பெண் என் அலுவலகத் தோழியின் மகள் என்பதுதான் தடை. ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம் நின்றுபோனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள் நான்; என் வீட்டுச் சேதி மட்டும் ஒருத்தர் காதிலும் விழக்கூடாது என்று கேனைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் போனேன். என் போதாத காலம், நம் பக்கத்து வீட்டு வசந்தா அதே பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். திருவாரூரில் இறங்க வேண்டியவள், இறங்குவதற்கு முன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை நான் நம் குரும்பகரத்துக்குத் திரும்புவதற்குள் ஊர் வாயில் எனக்கு ஒரு சிறுநீரகம் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை இரண்டாவதும் போனது.

உனக்கு ஊர்ச்சேதி போதாமல் ரிப்போர்ட்டே வந்து சேர்ந்தது. பெயர் பதியும்போது கைப்பேசி எண் கேட்டார்கள். கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் உன் எண்ணைச் சொல்லிப் பழகிய வாய், அங்கேயும் அதையே ஒப்பித்துவிட்டது. சென்னையில் ஆபீஸில் உட்கார்ந்திருந்த நீ, அம்மாவின் சிறுநீர்க் கணக்கை உன் போனில் படித்துவிட்டு, உடனே ஒரு செய்தி அனுப்பினாய்: “அம்மா, நான் ஓமன் போகல. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுறேன். வேணும்னா என் கிட்னி தர்றேன்.” உன் நல்ல மனசுக்கு நன்றி. கிட்னியை யாரும் கேட்கவில்லை, கேட்கிற கட்டமும் வரவில்லை. ஆனால் வேலை கொடுத்திருக்கிற ஓமன் துறைமுகத்துக்காரர்கள் உனக்காக ஒரு முறை தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும், அடுத்த ரிப்போர்ட் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று நீ பிடிவாதமாக இருக்கிறாய். அந்த ரிப்போர்ட் நேற்று வந்தது, இந்த முறை என் எண்ணுக்கு. அதைச் சொல்வதற்கு முன் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மறைத்ததால்தானே நீ உறுப்பு தானம் வரைக்கும் போனாய்.

ரத்த அழுத்தம் எனக்குப் பழைய கூட்டாளி, அது உனக்குத் தெரியும். போன வருடக் கடைசியில் கால் வீங்க ஆரம்பித்தது. கழிவறையில் நுரை நுரையாக வந்தது. புதிதாக வாங்கிய கழிவறை கழுவுகிற திரவத்தின் பெருமை என்று நினைத்து, கடைக்காரரிடம் போய்ச் சரக்கு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு இன்னொரு பாட்டிலும் வாங்கி வந்தேன். கால் செருப்புக்குள் நுழையாத அன்றைக்குத்தான் தஞ்சாவூருக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு; என்னைப் போல ஒரு வாயாடியிடம் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. சிறுநீரில் புரதம் கசிகிறது என்றார். புரோட்டீன் நல்லதுதானே, டிவியில் அதற்குத்தானே டப்பா டப்பாவாக விளம்பரம் போடுகிறார்கள் என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மாத்திரை எழுதிவிட்டு, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். எவ்வளவு குறைக்க வேண்டும் என்றால், நாள் முழுவதற்கும் ஒரு சின்ன ஸ்பூனுக்கும் கீழே. நம் வீட்டில் அது ரசத்துக்கே காணாது.

ஏன் என்று கேட்காமல் எதையும் செய்கிற பழக்கம் எனக்கு இல்லையே. கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை என் சமையற்கட்டு மொழியில் உனக்குச் சொல்கிறேன். வெளியே கசிகிற புரதம் ரத்தத்துக்குச் சொந்தமானது. வடிகட்டி பழுதானதால் போகிறது. சிறுநீரகம் தானே உட்கார்ந்து செய்கிற புரதங்கள் வேறு. நாம் அதை வெறும் வடிகட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது ஒரு அடுப்படியும்கூட. அங்கே என்ன புரதத்தை எவ்வளவு ஆக்குவது என்பதில் நாம் தின்கிற உப்புக்குப் பெரிய அதிகாரம் உண்டு. உப்பு குறைந்தால் ரெனின் என்று ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்து ரத்தத்தில் விடுமாம். அது ஒன்றை எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, கடைசியில் ரத்தக் குழாய் இறுகும், வெளியே போகப்போன உப்பு திரும்ப உள்ளே இழுக்கப்படும். இழுக்கிற ஆட்களும் புரதம்தான். அவர்களையும் சிறுநீரகமே தயார் செய்துகொள்ளும். உப்பு மிகுந்தால் ரெனினைக் குறைத்துவிடும். அப்படியென்றால் உப்பைத் தின்றால் அந்த ரெனின் அடங்கிவிடுமே, குழாய் இறுகாதே என்று நான் வக்கீல் மாதிரி மடக்கினேன். டாக்டரம்மா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். உப்பு நாள்கணக்கில் மிகுந்துகொண்டே போனால் சிறுநீரகம் வேறு சில புரதங்களைக் கூட்டிச் செய்ய ஆரம்பிக்கும், அதில் ஒன்று தழும்பு விழ வைக்கிற ஜாதி என்றார். எலிகளுக்கு உப்பைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது. தழும்பு தோலில் விழுந்தால் அழகு கெடும், வடிகட்டியில் விழுந்தால் வேலை கெடும். இன்னொன்றும் சொன்னார். எனக்குக் கொடுத்த மாத்திரை, ரெனின் தொடங்கி வைக்கிற அந்த வரிசையை நடுவில் நின்று மறிக்கிற மாத்திரை. உப்பை அள்ளிப் போட்டு ரெனினைத் தூங்க வைத்துவிட்டால் மாத்திரை யாரை மறிக்கும்? “நீங்க உப்ப கொறைச்சாத்தாம்மா மாத்திரைக்கு அங்க வேல இருக்கும்,” என்றார்.

அன்றிலிருந்து விரதம் ஆரம்பித்தது. உன் அப்பாவுக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி. அப்பளம் போனது, ஊறுகாய் போனது, மோர்மிளகாய் போனது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்கூடை தூக்கி வருகிற அம்மாவிடம் கருவாடு வேண்டாம் என்று சொன்னேன். முதல் வாரம் நம்பவில்லை. இரண்டாவது வாரம் கூடையை இறக்கி வைத்து, “புள்ளைக்குப் பொண்ணு அமையலைங்களா?” என்று துக்கம் விசாரித்தார். நீ கல்யாணம் ஆகாமல் நிற்பதால் நான் கவுச்சியை விட்டு வேண்டுதல் இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் மறுக்கவில்லை. சிறுநீரகத்தைக் காப்பாற்ற உன் மானத்தைக் கொடுத்தேன். அவர் தெருவில் உனக்கு இரண்டு ஜாதகம் வந்திருப்பதாகவும் கேள்வி. என் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்காதே. பரங்கிக்காயும் புடலங்காயும் ஒரே சுவையில் இருந்தன, அந்தச் சுவைக்குப் பெயர் இல்லை. அப்படி ஒரு மாதம் தவம் கிடந்துவிட்டுத்தான் அந்தக் கேனோடு பேருந்து ஏறினேன்.

உன் போனுக்கு வந்த ரிப்போர்ட்டில் புரதம் முன்னைவிடக் கூடுதலாக இருந்தது. நீ அதை மட்டும் பார்த்துப் பயந்தாய். எனக்கு அதற்குக் கீழே இருந்த சோடியம்தான் பயத்தைக் கொடுத்தது. நாம் தின்கிற உப்பில் பெரும்பங்கு ஒரு நாளைக்குள் சிறுநீரில் வந்து நின்றுவிடுமாம். அதனால்தான் ஒரு சொட்டு விடாமல் பிடிக்கச் சொல்கிறார்கள். யார் என்ன சத்தியம் பண்ணினாலும் அந்தக் கேன் உண்மையைப் போட்டுக் கொடுத்துவிடும். சிறுநீரகத்தைப் போல ஒரு கோள்மூட்டியை நான் பார்த்ததில்லை. தொழில் முறையில் எனக்கு அதன் மேல் மரியாதையே வந்தது. கேன் என்ன சொன்னது என்றால், நான் தாராளமாக, விருந்தாளி மாதிரி உப்புத் தின்றிருக்கிறேன். எப்படி? அடுப்படியில் என்னைத் தவிர நுழைகிற ஆள் ஒருவர்தான்.

உன் அப்பா மேல் சந்தேகம் வருவதற்குக் காரணம் இருந்தது. “இத எப்படித்தான் திங்கிற?” என்று தினமும் என் தட்டைப் பார்த்து இரக்கப்பட்டவர் அவர். இரக்கப்பட்டு, நான் பார்க்காதபோது என் சட்டியில் ஒரு சிட்டிகை போட்டிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன். மதியச் சாப்பாட்டில் கேட்டும்விட்டேன். நான் செத்தால்தான் உங்களுக்கு ருசியாக இருக்கும் என்ற அளவுக்கு வாய் போனது. அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “உன் சோத்துல உப்பு போட எனக்கு என்ன வேண்டுதலா?” என்று கேட்டார். கை கழுவினார். அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துத் துண்டில் சுற்றி சைக்கிளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய், மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டார். “இனிமே இந்த வூட்ல உப்பு இருக்காது. எனக்கு வேணும்னா நான் அங்க போய் போட்டுக்கிறேன்.” சொன்னபடியே செய்தார். மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சோற்றை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சாப்பிட்டார். ஊர் என்ன சொல்லும் என்று நினைக்கிறாய்? சிறுநீரகம் இரண்டும் போன மனைவியைக் கைவிட்டுவிட்டுக் கொட்டகையில் தனிக்குடித்தனம் போய்விட்டார் என்று சொன்னது. வசந்தா எனக்காக அழுதாள். உன் அப்பா அந்த ஒரு வாரமும் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. தப்பு யார் மேல் என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சோடியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் உப்பு ஜாடியே இல்லை டாக்டர் என்று பெருமையாகச் சொன்னேன். விடிந்ததிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

“எந்திரிச்சதும் என்ன சாப்புடுவீங்க?”

“ஒண்ணும் இல்லைங்க. எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. மாவுல உப்பே போடறது இல்ல.”

“அதுக்கு முன்னாடி? காபி, டீ?”

“அதெல்லாம் விட்டாச்சுங்க. நீராகாரம் மட்டும், ரெண்டு சொம்பு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அதுல உப்பு?”

“உப்பில்லாம நீராகாரத்த எப்படிங்க குடிக்கிறது?”

“எவ்வளவு போடுவீங்க?”

நான் விரல்களைக் குவித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “உப்ப கொறைங்கன்னு சொன்னேன்லம்மா?”

“சாப்பாட்டுலதானங்க சொன்னீங்க. இது சூட்டுக்கு.”

தம்பி, நீ சிரிக்காதே. நெல் விளைகிற ஊரில் பிறந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார், நீராகாரத்தைச் சாப்பாட்டில் சேர்ப்பார்களா என்று. கண்ணெரிச்சலா, நீராகாரம். நீர்க்கடுப்பா, நீராகாரம். முதல் நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீரை வடித்து, மோர் விட்டு, கல்லுப்பைப் போட்டுக் கரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் உடம்புச் சூடு இறங்கும் என்பதில் நம் பக்கத்தில் இரண்டாம் பேச்சு கிடையாது. சிறுநீரகக் கோளாறு என்றதும் வசந்தா சூடுதான் காரணம் என்றாள், எனக்கும் சரியாகப் பட்டது, ஒரு சொம்பை இரண்டாக்கினேன். மூன்று வேளையும் உப்பில்லாமல் கிடந்த நாக்கு அந்தச் சொம்பில் போய் விழுந்தது. கை தானாகவே கூட அள்ளியிருக்கிறது. ஜாடி வயலுக்குப் போனபோதும் கல்லுப்பு நீராகாரச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இருந்தது. அது உப்பு என்று எனக்கும் தோன்றவில்லை, உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை. அது மருந்துச் சாமான். வைத்தியம் என்று பெயர் வைத்துக் குடித்ததால் சிறுநீரகத்துக்குத் தெரியாமல் போய்விடுமா? அது பாட்டுக்கு வருகிற உப்பைப் பார்த்து, ரெனினைப் படுக்கப் போட்டுவிட்டு, தழும்புக்காரனை வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். உன் அப்பா தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் இருவருக்குமே சொல்லிப் பழக்கம் இல்லை, அதனால் கதையாகச் சொன்னேன், டாக்டரம்மா என் விரல்களைப் பார்த்ததை நடித்தும் காட்டினேன். அவர் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தார். கடைசியில், “ஜாடிய வூட்டுக்கு எடுத்தாறவா, இங்கயே இருக்கட்டுமா?” என்று கேட்டார். இங்கேயே இருக்கட்டும் என்றேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து உப்பில்லாமலே சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ ஓமனை விட்டுவிட்டு என் சாப்பாட்டுக்குக் காவலாக வருகிறேன் என்கிறாய். உன் அப்பாவை அடுப்படியில் காவல் வைத்திருந்தாலும் அந்தச் சிரட்டையைப் பிடித்திருக்க மாட்டார். நீ வந்திருந்தால் நீயே எனக்கு இரண்டு சொம்பு கரைத்துக் கொடுத்திருப்பாய், அம்மாவுக்குச் சூடு என்று. பக்கத்தில் இருப்பதும் பார்த்துக்கொள்வதும் ஒன்று இல்லை. நீ ரத்து செய்வதில் கெட்டிக்காரன் என்பது எனக்கு நீ பள்ளிக்கூடம் முடித்த வருடமே தெரியும். கோயம்புத்தூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. உன் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கிடந்தார். அறுவடை தலைக்கு மேல் நின்றது. நீ போகவில்லை என்றாய். நான் ஒப்புக்கு இரண்டு தடவை ‘போடா’ என்றேன், மூன்றாவது தடவை சொல்லவில்லை. நீ இருந்தது வசதியாக இருந்தது. கால் கூடிவிட்டது, நெல் வீடு வந்துவிட்டது, கோயம்புத்தூர் வரவில்லை. நீ இன்றுவரை அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அதனால்தான் இந்தத் தடவை மூன்றாவது தடவையையும் சேர்த்து எழுத்தில் சொல்கிறேன்: போடா. அங்கே போய் நீயே சமைத்துச் சாப்பிடு. உடம்புக்கு ஒன்று வந்தால் எங்களுக்கு உடனே சொல், என்னை மாதிரிப் பூ வைத்துக்கொண்டு வேறு ஊருக்கு ஓடாதே. உன்னோடு வாழ வருகிறவள் மேல் ஒரு சந்தேகம் வந்தால், அதைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதே. நிச்சயமாகத் தெரிகிற விஷயத்தை இன்னொரு முறை விசாரி.

இனி ரிப்போர்ட். நீராகாரத்தை விட்டு ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் கேன் பிடித்தேன். இந்த முறை காரைக்காலிலேயே கொடுத்தேன். தோழியின் மகள் நல்ல பெண், அவள் அம்மாவுக்கு மதியத்துக்கு மேல்தான் சொல்லியிருக்கிறாள். சோடியம் அடங்கி, டாக்டரம்மா சொன்ன அளவுக்குள் வந்துவிட்டது. புரதம் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கால் செருப்புக்குள் நுழைகிறது. கழிவறையில் நுரை இல்லை. உப்புக்குப் பயந்த சிறுநீரகம் உப்பை நிறுத்தியதும் நல்ல பிள்ளையாகிவிட்டது என்று நான் அலுவலகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் பாடம் நடத்திவிட்டேன். நம் தெருவில் இரண்டு வீட்டில் ஊறுகாய் ஜாடி பரண் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா போனில், இப்படியே போனால் பயப்பட ஒன்றும் இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. இன்றைக்கே வருகிறேன் என்று சொல்லிவிடு.

நீ எப்படியும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு விசாரிப்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நீராகாரத்தை நிறுத்தச் சொன்ன அன்று, அதே சீட்டில், மாத்திரையையும் ஒன்றிலிருந்து இரண்டாக்கியிருந்தார். புரதத்தை இறக்கியது உப்பை விட்டதா, மாத்திரையா என்பதை மட்டும் கேன் போட்டுக் கொடுக்காது.

அம்மா